முதுமையில் கரப்பான்: தக்க சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் இரவெல்லாம் உடம்பைச் சொறிந்துகொண்டு விழித்திருந்தால், "வயதாகிவிட்டது, தோல் வறண்டுவிட்டது" என்று சொல்லி நாம் சும்மா இருந்துவிடுகிறோம். காய்ச்சல் என்றால் டாக்டரிடம் ஓடுகிற குடும்பம், நமைச்சல் என்றால் தெருமுனை மருந்துக் கடையில் ஒரு களிம்பு வாங்கி வருவதோடு நின்றுவிடுகிறது. சும்மா இருப்பதும் தவறு. கண்ட களிம்பைப் பூசுவதும் தவறு. முதியவர்களுக்கு வரும் கரப்பானுக்கு இன்று பலவகைச் சிகிச்சைகள் உள்ளன. அவற்றுள் எது யாருக்கு ஏற்றது என்பதை எவ்வாறு நிர்ணயிப்பது என்பதையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

நாற்பது, ஐம்பது ஆண்டுகள் தறியிலும் வயலிலும் உழைத்து ஓய்ந்த நம் அங்கத்தினர்களில் பலர், இன்று சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய பகுதிகளில் தம் மக்களோடு வசித்து வருகின்றனர். வெளியே சென்றால் கடற்கரை ஊருக்கே உரிய புழுக்கமும் வியர்வையும். வீட்டுக்குள் குளிர்சாதன இயந்திரத்தின் உலர்ந்த காற்று. குளிக்கப் பல இடங்களில் உப்புக் கரிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீர். இம்மூன்றும் முதிய தோலை வருத்துவன. ஆகவே சென்னையை மனத்திற்கொண்டே இதனை எழுதுகிறோம். எனினும் ஊரில் இருப்போருக்கும் இதிற் பெரும்பாலானவை பொருந்தும்.

நோய் இன்னதென்பது

நாம் கரப்பான் என்று வழங்கும் நோய்களுள் ஒன்றை ஆங்கில வைத்தியர்கள் 'அடோபிக் டெர்மடைடிஸ்' என்பர். அமெரிக்க வைத்தியர்களான வைஸ், ஸல்ஸ்பெர்கர் இருவரும் 1933-ல் இப்பெயரை வழங்கினர். இது குழந்தைகளின் நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இளமையில் மறைந்தது அறுபது வயதுக்குமேல் மீண்டும் தலைகாட்டுவதும், முதுமையிலேயே புதிதாகத் தோன்றுவதும் உண்டு என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது. இது தொற்று நோய் அன்று. பேரக் குழந்தையைத் தூக்குவதால் அதற்கு ஒட்டிக்கொள்ளாது.

நெசவாளருக்கு இந்நோயை விளக்குவது எளிது. பாவும் ஊடையும் நெருங்கிய துணியில் தூசி எளிதில் புகாது. இழை தளர்ந்த துணியோ எல்லாவற்றுக்கும் இடங்கொடுத்துவிடும். நம் தோலின் மேற்படலமும் அத்தகையதே. அங்குள்ள அணுக்களை இணைத்து நிற்கும் எண்ணெய்ப் பசை வயது ஏற ஏறக் குறைகிறது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது. வெளியிலிருக்கும் அழுக்கும் கிருமியும் உள்ளே நுழைகின்றன. உடலின் காவற்படை அளவுக்கு மீறிச் சினந்து எழுகிறது. அச்சினமே சிவப்பும் நமைச்சலுமாக வெளிப்படுகிறது. சொறியச் சொறிய இழை மேலும் தளர்கிறது. ஆதலின் சிகிச்சைக்கு இரண்டு வேலைகள் உண்டு. தளர்ந்த இழையை இறுக்குவது ஒன்று. காவற்படையின் சினத்தைத் தணிப்பது மற்றொன்று.

முதலில் நோயை உறுதி செய்க

முதுமையில் நமைச்சல் எல்லாம் கரப்பான் அன்று. மருந்தைத் தேடுமுன் வேறு சிலவற்றை விலக்கியாக வேண்டும்.

சிரங்கு: விரல் இடுக்கிலும் இடுப்பிலும் இரவில் நமைச்சல் மிகுந்து, வீட்டில் வேறொருவருக்கும் இருந்தால் அது சிற்றுண்ணியால் வந்த சிரங்காக இருக்கக்கூடும். அதன் மருந்து வேறு.

படை: வட்டமாகப் படரும் படைக்குக் கரப்பான் களிம்பைப் பூசினால் சிவப்புத் தணிந்ததுபோல் தோன்றும், ஆனால் படை பரவிக்கொண்டே போகும்.

ஒவ்வாமை: சாயப் பட்டறையில் பழகிய நெசவாளருக்குச் சாயப் பொருள்களும், விவசாயிகளுக்குப் பார்த்தீனியம் என்னும் களைச் செடியும் தோலைப் புண்ணாக்குவதுண்டு. பார்த்தீனியத்தின் தூள் காற்றில் வந்து முகத்திலும் கழுத்திலும் படியும். முதுகில் சிறு ஒட்டுகளை வைத்துச் சோதிக்கும் 'பாட்ச் டெஸ்ட்' இதைக் காட்டிக்கொடுக்கும்.

உட்கொள்ளும் மருந்து: இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் மாத்திரைகளில் சிலவகை, தொடங்கிப் பல மாதங்கள் கழித்துக்கூட முதியவர்களுக்குக் கரப்பானைப் போன்ற தடிப்பை உண்டாக்கலாம். ஆயினும் மாத்திரையை நாமே நிறுத்திவிடக்கூடாது. டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்வதே முறை.

இவையன்றிச் சிறுநீரகம், தைராய்டு, கல்லீரல் ஆகியவற்றின் கோளாறுகளாலும் நமைச்சல் வரும். கொப்புளங்கள் பின்னர் வரவிருக்கும் ஒரு நோயும், தோலில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயும் தொடக்கத்தில் கரப்பான் போலவே இருக்கும். ஆகையால் அறுபது வயதுக்குமேல் முதன்முறையாகக் கரப்பான் கண்டவர்களுக்குத் தோலிற் சிறு துண்டெடுத்துச் சோதிக்கலாம் என்று டாக்டர் சொன்னால் தயங்க வேண்டாம்.

எல்லோருக்கும் உரிய முதற் சிகிச்சை

விலை குறைந்ததும் எல்லோருக்கும் பொருந்துவதுமான சிகிச்சை, தோலுக்கு ஈரப்பசை ஊட்டுவதாகும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிஷத்துக்குமேற் போகாமல் குளித்து, ஈரம் முற்றும் உலருமுன் களிம்பு பூச வேண்டும். உடல் முழுவதும் பூசுவோருக்கு வாரத்துக்குச் சுமார் 250 கிராம் வேண்டும். ஒரு சிறு குழாயை ஒரு மாதம் வைத்துப் பூசுவது விதையில்லாமல் உழுவதை ஒக்கும். வெள்ளை வாசலினும் திரவப் பாரபினும் கலந்த எளிய களிம்பே போதும். மணமூட்டிய விலையுயர்ந்த கிரீம்கள் தேவையில்லை. நம் தேங்காயெண்ணெயும் பயனுடையதே. பெரியவர்களின் கரப்பானில் தேங்காயெண்ணெயையும் ஆலிவ் எண்ணெயையும் ஒப்பிட்டு 2008-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், புண்ணிலுள்ள கிருமியைக் குறைப்பதில் தேங்காயெண்ணெயே மேம்பட்டு நின்றது.

முதியவர்கள் இருக்கும் வீட்டில் இரண்டு எச்சரிக்கைகளை மறத்தலாகாது. களிம்பு பூசிய காலோடு குளியலறையில் நடந்தால் வழுக்கும். இடுப்பெலும்பு முறிவுக்கு அதுவே காரணமாகிவிடும். இரண்டாவது, களிம்பு ஊறிய துணி நெருப்பை விரைவாகப் பற்றிக்கொள்ளும். பூஜை விளக்கின் அருகிலும் அடுப்பின் அருகிலும் கவனம் வேண்டும்.

உப்பு நீரைக் கண்டு அஞ்சி, பெரும் பணம் செலவிட்டு நீரை மென்மையாக்கும் இயந்திரம் வாங்குவோர் சென்னையில் உளர். கரப்பான் உள்ள 336 குழந்தைகளைக் கொண்டு இங்கிலாந்தில் நடத்தி 2011-ல் வெளியிட்ட சோதனையில், அவ்வியந்திரத்தால் நோய் மேலும் குறைந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பணத்தைக் களிம்புக்குச் செலவிடுவதே மேல். உடைக்கு, நம் தறியில் நெய்த மெல்லிய பருத்தித் துணியைவிடச் சிறந்தது வேறில்லை. புதுத் துணியானால் கஞ்சி போக நன்றாக அலசிய பிறகே அணிய வேண்டும்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். கத்தரிக்காயும் கருவாடும் கரப்பானைக் கிளப்பும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. ஒருவருக்கு ஒரு பொருள் ஒவ்வாததாகத் திரும்பத் திரும்பக் கண்டால் அதை மட்டும் விலக்கலாம். பருப்பு, முட்டை, மீன், பால் எல்லாவற்றையும் நிறுத்திப் பத்தியம் இருக்கும் முதியவர் இளைத்துப்போவார், நமைச்சலோ போகாது.

பூச்சு மருந்துகள்

சிவந்து தடித்த இடங்களுக்கு ஸ்டீராய்டு களிம்பு உண்டு. கரப்பானுக்குப் பெயரிட்ட அதே ஸல்ஸ்பெர்கர், விட்டன் என்பவருடன் சேர்ந்து 1952-ல் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலிற் பூசிப் பயன் கண்டார். இன்றளவும் இவ்வகைக் களிம்பே முதல் மருந்தாக விளங்குகிறது. ஆனால் இதில் மென்மையானது முதல் மிகக் கடுமையானது வரை பல படிகள் உண்டு. முதியவர் தோல் ஏற்கனவே மெலிந்தது. கடுமையான களிம்பை நெடுநாள் பூசினால் தோல் காகிதம்போல் ஆகி, தொட்ட இடமெல்லாம் இரத்தம் கன்றிப்போகும். முகம், அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களுக்கு மென்மையானதே உரியது.

அளவுக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம். அது, விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவுள்ள இடத்துக்குப் போதும்.

ஸ்டீராய்டோடு பூஞ்சைக் காளான் மருந்தும் கிருமி மருந்தும் கலந்த களிம்புகளை மருந்துக் கடையில் கேட்டு வாங்குவதை நம் அங்கத்தினர்கள் அறவே விட்டுவிட வேண்டும். 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை டாக்டரின் சீட்டின்றி விற்கலாகாது என்று மத்திய அரசு 2018-ல் ஆணை பிறப்பித்தது. மக்களுக்கு விளைந்த தீங்கே அதற்குக் காரணம்.

ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு, முகத்துக்கும் கண்ணிமைக்கும் நீண்டகாலப் பாதுகாப்புக்கும் ஏற்றது. ஜப்பானில் ட்ஸுகுபா மலைப்பகுதியின் மண்ணிலுள்ள ஒரு நுண்ணுயிரிலிருந்து 1984-ல் கண்டெடுத்த பொருள் இது. முதற் சில நாட்கள் எரிச்சல் இருக்கும். அதற்கு அஞ்சி விட்டுவிடுதல் கூடாது. தோலை இது மெலியச் செய்வதில்லை.

தூக்கத்துக்காக 'அலர்ஜி மாத்திரை' போட்டுக்கொள்ளும் வழக்கமும் பரவலாக இருக்கிறது. மயக்கம் தரும் பழைய வகை மாத்திரைகள் முதியவர்களைத் தடுமாறி விழச் செய்யும், சிறுநீரை அடைக்கும், அறிவைக் குழப்பும். கரப்பானின் நமைச்சலுக்கு அவற்றால் ஆகும் பயனோ சொற்பமே.

பூச்சு போதாதபோது

பூச்சுகள் மூன்று நான்கு வாரம் ஒழுங்காகப் பூசியும் நோய் அடங்காவிடில் அடுத்த படி வருகிறது. இங்கேதான் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பெரிதாகிறது.

ஒளிச் சிகிச்சை: 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிரை வாரம் இருமுறையோ மும்முறையோ சில மாதங்கள் பெறுவது. உள்ளுறுப்புகளை வருத்தாது, ஆதலால் பல நோய்க்கு மருந்து உண்ணும் முதியவருக்கு மிகவும் ஏற்றது. ஆனால் அத்தனை முறை போய்வரவும், பெட்டி போன்ற அறையில் நிற்கவும் உடம்பு இடங்கொடுக்க வேண்டும். தோற் புற்றுநோய் கண்டவர்களுக்கும், ஒளியைத் தாங்காத மருந்து உண்போருக்கும் ஆகாது. மாடியில் வெயிலில் நிற்பது இதற்கு ஈடாகாது.

ஸ்டீராய்டு மாத்திரையும் ஊசியும்: இரண்டே நாளில் நமைச்சல் பறந்துவிடும், அதுவே இதன் ஆபத்து. நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு நொறுங்கும், கண்ணிற் புரை வளரும். நிறுத்தியதும் நோய் முன்னிலும் மிகுந்து திரும்பும். கட்டுக்கடங்காத வேளையில் குறுகிய காலத்துக்கு டாக்டர் தருவது வேறு. மாதந்தோறும் ஊசி போட்டுக்கொள்வது வேறு.

பழைய அடக்கு மருந்துகள்: மெத்தோட்ரெக்ஸேட் விலை மலிந்தது, ஆனால் வாரத்தில் ஒருநாள் மட்டுமே உண்ண வேண்டியது. மறதியால் தினந்தோறும் உண்டவர்கள் உயிரிழந்ததுண்டு. ஆதலால் மாத்திரையைக் குடும்பத்தில் ஒருவர் வைத்திருந்து, குறித்த கிழமையில் தாமே எடுத்துக் கொடுக்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இது ஏற்றதன்று. ஸைக்ளோஸ்போரின் விரைந்து வேலை செய்யும். ஆயின் சிறுநீரகத்தையும் இரத்த அழுத்தத்தையும் தாக்கும். அஸாதயோப்ரின் என்பதை, யூரிக் அமிலம் மிகுந்து வரும் மூட்டுவாதத்துக்காக அல்லோபூரினால் உண்போருக்குக் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

டூபிலுமாப் ஊசி: சினமூட்டும் இரண்டு தூதுப் பொருள்களை மட்டும் தடுப்பது. 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, இந்தியாவிலும் கிடைக்கிறது. பெரியவர்களுக்கு முதலில் 600 மில்லிகிராம், பின் இரு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம். சிறுநீரகத்தையும் ஈரலையும் வருத்தாது; பிற மாத்திரைகளோடு மோதுவதும் அரிது. கண் சிவத்தல் சிலருக்கு உண்டு. குடற்புழு இருந்தால் முதலில் அதற்கு மருந்துண்ண வேண்டும். முதியவர்களுக்கு இதனை மிகவும் பாதுகாப்பானதாகக் கருதுகின்றனர். விலை ஒன்றே தடை. மாதந்தோறும் பல்லாயிரம் ரூபாய் ஆகும்.

'ஜாக்' தடுப்பு மாத்திரைகள்: டோஃபாஸிடினிப், பாரிஸிடினிப், உபாடாஸிடினிப் முதலியன. இவற்றுள் டோஃபாஸிடினிப் நம் நாட்டுக் கம்பெனிகளாலேயே தயாராகி மலிவாகக் கிடைப்பதால், ஊசி வாங்க இயலாதோருக்கு எழுதப்படுகிறது. நமைச்சல் சில நாட்களிலேயே தணியும். ஆயினும் கேளுங்கள்: ஐம்பது வயதுக்கு மேற்பட்டு, இருதய நோய்க்கான காரணம் ஒன்றேனும் உடைய 4,362 மூட்டுவாத நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2022-ல் வெளியான பெருஞ் சோதனையில், மாரடைப்பு, பக்கவாதம் முதலியன டோஃபாஸிடினிப் உண்டவர்களில் நூற்றுக்கு 3.4 பேருக்கும், வேறுவகை ஊசி பெற்றவர்களில் 2.5 பேருக்கும் நேர்ந்தன. புற்றுநோய் முறையே 4.2, 2.9 ஆக இருந்தது. அச்சோதனை கரப்பான் நோயாளிகளைப் பற்றியது அன்று என்பது உண்மையே. எனினும், 65 வயது கடந்தோருக்கும் புகைபிடிப்போருக்கும் வேறு வழி இல்லாதபோதே இவ்வகை மாத்திரைகளைத் தருக என ஐரோப்பிய மருந்து அதிகாரிகள் அறிவுறுத்தினர். நம் நாட்டில் காசநோய் மிகுதி. அடங்கிக் கிடக்கும் காசம் இவற்றால் கிளம்பும். ஆகவே மார்பு எக்ஸ்ரேயும் இரத்தச் சோதனையும் இன்றி ஒரு மாத்திரையும் விழுங்கலாகாது. அக்கி வராமல் தடுக்கும் ஊசியையும் முன்னதாகவே போட்டுக்கொள்வது நலம்.

மூன்று பெரியவர்கள்

மேற்கூறியவற்றை மூன்று உதாரணங்களால் காட்டுவோம். இவை நாம் எண்ணிப் பார்ப்பவையே.

மயிலாப்பூரில் தனியே இருக்கும் பாட்டி, வயது 74, நீரிழிவு, நோய் முதுகில். எட்டாத முதுகுக்குக் களிம்பு எழுதிக் கொடுத்துப் பயன் என்ன? பூசிவிட ஓர் ஆள் ஏற்படுத்துவதே இவருக்கு முதல் மருந்து. அதன்பின்னும் அடங்காவிடில், போய்வரத் துணை கிடைத்தால் ஒளிச் சிகிச்சை. ஸ்டீராய்டு மாத்திரையும் ஊசியும் இவருக்கு வேண்டாம்.

தியாகராய நகரில் மகனோடு இருக்கும் நெசவாளத் தாத்தா; வயது 70; முன்பே ஒருமுறை மாரடைப்பு; புகைப் பழக்கம். மலிவென்று கருதி ஜாக் மாத்திரையைத் தொடங்குவது இவருக்குத் தகாது. சிறுநீரகம் நன்றாயிருந்தால், மகன் கையால் வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட். குடும்பத்துக்குச் சக்தி இருந்தால் டூபிலுமாப்.

அடையாற்றில் மகள் வீட்டில் இருக்கும் விவசாயி, வயது 68, மூட்டுவாதத்துக்கு அல்லோபூரினால், முகத்திலும் கழுத்திலும் தடிப்பு, கிராமத்துக்குப் போய்வரும்போதெல்லாம் மிகுகிறது. இவருக்கு முதலில் வேண்டுவது பார்த்தீனியச் சோதனை. அதுவே காரணமானால், முகத்துக்கு டாக்ரோலிமஸ் பூசிச் செடியை விட்டு விலகியிருப்பதே பெரும்பாலும் போதும்.

மூவருக்கும் பார்வைக்கு நோய் ஒன்றுபோலவே, மருந்துகளோ மூன்று. நோயின் கடுமையை மட்டும் பாராமல், நோயாளியின் பிற நோய்கள், உண்ணும் மாத்திரைகள், நினைவாற்றல், துணை, பணம் ஆகிய ஐந்தையும் சேர்த்துப் பார்ப்பதே முதியவர்க்குரிய வைத்தியம். அண்டை வீட்டாருக்குக் குணமளித்த மருந்து நமக்கும் ஆகும் என்பதற்கு உறுதியில்லை.

எங்கே செல்வது, என்ன கொண்டு செல்வது

முதியோர் மருத்துவத்தில் சென்னை இந்நாட்டுக்கு வழிகாட்டியது. அரசுப் பொது மருத்துவமனையில் 1978-ல் முதியோருக்கென டாக்டர் வி. எஸ். நடராஜன் தனிப் பிரிவைத் தொடங்கினார். கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அடையாற்றிலிருந்து அது தொலைவில் இல்லை. பல நோய்க்குப் பல டாக்டர்களிடம் மருந்துண்போர், எல்லாவற்றையும் ஒருவரே ஒருங்கே பார்த்துச் சரிசெய்ய இத்தகைய இடத்தை நாடலாம். தோல் நோய்க்கு மயிலாப்பூருக்கு அருகில் 1911 முதல் இயங்கிவரும் இராயப்பேட்டை அரசு மருத்துவமனை உண்டு.

செல்லும்போது வீட்டிலுள்ள மாத்திரை, களிம்பு அனைத்தையும் ஒரு பையிலிட்டுக் கொண்டு செல்லுங்கள். சித்த மருந்தோ நாட்டு மருந்தோ உண்டிருந்தால் அதையும் ஒளிக்காமல் காட்டுங்கள். பாதரசம், பாஷாணம் சேர்ந்த மருந்துகள் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும் என்பதால் டாக்டர் அதை அறிந்திருத்தல் அவசியம். பிறகு மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இது கரப்பான்தான் என்பது உறுதியா? இம்மருந்து என் பிற மருந்துகளோடு மோதுமா? இதனை எத்தனை நாள், எந்தச் சோதனைகளோடு உண்ண வேண்டும்?

விலையைப் பொறுத்தவரை, மூல மருந்தின் பெயரிலேயே விற்கும் மாத்திரைகளும் களிம்புகளும் பெரிதும் மலிவு. 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. அவற்றுள் பலவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. சீட்டைக் காட்டி அங்கே விசாரித்துப் பாருங்கள்.

நம் சங்கங்களும் ஒன்று செய்யலாம். தனியே வாழும் முதிய அங்கத்தினர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, மருத்துவமனைக்கு உடன் செல்லவும், எட்டாத முதுகுக்குக் களிம்பு பூசவும், வாரத்துக்கொரு மாத்திரையை நினைவூட்டவும் இளைஞர் சிலரை ஏற்படுத்தலாம். இதற்கு மூலதனம் தேவையில்லை. நமக்காகத் தறியிலும் ஏரிலும் தேய்ந்த அந்த உடம்புகள் இரவிலாவது நிம்மதியாக உறங்கட்டும்.